பெருமூளைப் புறணியின் தடுப்பு நரம்பணுக்களை இனங்காண்பது எப்படி: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

புறணியிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டை நுண்ணோக்கியில் வைத்ததும் முதலில் கண்ணில் படுபவை பிரமிட் செல்கள்தாம். கூம்பு வடிவ உடல், மேற்பரப்பை நோக்கி ஓடும் தடித்த உச்சி டென்ட்ரைட் (உள்ளீட்டைப் பெறும் கிளை), கிளையெங்கும் சிலிர்த்து நிற்கும் முட்கள். ஒன்றைப் பழகிவிட்டால் மற்றவற்றையும் கண் தானாகவே கண்டுகொள்ளும். மற்றச் செல்கள் சுடுவதை அடக்கும் தடுப்புச் செல்கள் அப்படி இல்லை. சுண்டெலியின் புறணியில் நரம்பணுக்களில் 10 முதல் 20 சதவீதம் வரைதான் இவை. மனிதன் உள்ளிட்ட பிரைமேட்டுகளில் பங்கு சற்றுக் கூடுதல். எண்ணிக்கை குறைவு என்றாலும் உருவத்திலும் நடத்தையிலும் இவற்றிடையே உள்ள வேறுபாடு பிரமிட் செல்களிடையே உள்ளதைவிட மிக அதிகம்.

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, செல் வகைக்கு அடையாளமாகக் கொள்ளும் ஒரு மார்க்கர் புரதம் ஒளிர்ந்ததும் செல்லுக்குப் பெயர் சூட்டிவிடுவது. பார்வால்புமின் ஒளிர்ந்தால் கூடைச் செல், சொமாட்டோஸ்டாட்டின் ஒளிர்ந்தால் மார்ட்டினோட்டி செல் என்று எழுதிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் சரியாகவே வரும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஒரு தடுப்புச் செல் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் ஆக்சான் (சைகையை வெளியே கொண்டுசெல்லும் இழை) எங்கே போய் முடிகிறது என்பதே சொல்லும். மற்ற எல்லாம் அந்த முடிவுக்குக் கொண்டுசேர்க்கும் சான்றுகள். கீழே வரும் படிகளை இந்த எண்ணத்தோடு படியுங்கள்.

படி 1: அது தடுப்புச் செல்தானா?

புறணியில் தடுப்புச் செல் என்றால் காபா என்ற தடுப்பு வேதிப்பொருளைச் சுரக்கும் செல். குளுட்டமேட்டைக் காபாவாக மாற்றும் ஜிஏடி நொதி அதில் இருக்க வேண்டும். இந்த நொதிக்கு 65, 67 என்று இரு வடிவங்கள் உண்டு. காபாவை நுண்பைகளுக்குள் ஏற்றும் வி-காட் என்ற கடத்திப் புரதமும் இருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிஏடி ஆன்டிபாடியால் சாயமேற்றினால் ஆக்சான் முனைகள்தாம் பளிச்சென்று தெரியும், செல்லுடல் மங்கலாகவே இருக்கும். ஒரு பிரமிட் செல்லை உற்றுப் பாருங்கள்: உள்ளே இருட்டு, சுற்றிலும் மணிமாலை கோத்ததுபோல் ஒளிப்புள்ளிகள். அவை அந்தச் செல்லின் மேல் வந்து அமர்ந்திருக்கும் வேறு செல்களின் முனைகள். புதியவர் இந்த வளையத்தைப் பார்த்து ‘ஜிஏடி உள்ள செல்’ என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடுவார். குவியத்தை மேலும் கீழும் நகர்த்திச் செல்லுடலின் நடுப்பகுதியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். செல்களை எண்ணுவதுதான் நோக்கம் என்றால் ஜிஏடி-67 மரபணுவின் ஆர்.என்.ஏ.வைத் திசுவிலேயே கண்டறியும் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் முறையையோ, அந்தச் செல்களில் பச்சை ஒளிர்புரதம் ஏற்றப்பட்ட சுண்டெலியையோ பயன்படுத்துங்கள். இரண்டிலும் செல்லுடல் தெளிவாகத் தெரியும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி கைவசம் இருந்தால் இன்னொரு சான்று கிடைக்கும். தடுப்புச் சினாப்ஸில் (இரு செல்கள் சந்திக்கும் இடம்) இரு பக்கச் சவ்வுகளும் ஏறக்குறைய ஒரே தடிமன். கிளர்த்தும் சினாப்ஸில் பெறும் பக்கம் அடர்ந்து தடித்திருக்கும். இந்த வேறுபாட்டை ஈ.ஜி. கிரே 1959இல் விவரித்தார். இன்றும் அது நம்பத் தகுந்த சான்றுதான்.

படி 2: ஆக்சானைப் பின்தொடருங்கள்

டென்ட்ரைட்டின் வடிவத்தை வைத்து வகை பிரிக்க முயலாதீர்கள். இருமுனை, பன்முனை என்பதெல்லாம் விவரிக்க உதவுமே தவிர வகையைத் தீர்மானிக்காது. ஆக்சான் எதைத் தொடுகிறது என்று பாருங்கள்.

செல்லுடலையும் அதை ஒட்டிய டென்ட்ரைட்டுகளையும் பின்னிக்கொண்டால் அது கூடைச் செல். பல செல்களின் ஆக்சான்கள் ஒரு பிரமிட் செல்லைச் சுற்றி முடைந்த கூடைபோல் அமைவதால் வந்த பெயர். ஸ்பைக் (செல் சுடும்போது எழும் மின்துடிப்பு) உருவாகும் இடத்துக்கு மிக அருகில் இவை தடுக்கின்றன. எனவே பிரமிட் செல் எப்போது சுடும் என்ற நேரக் கட்டுப்பாடு பெரும்பாலும் இவற்றின் கையில். கூடைச் செல் எல்லாமே பார்வால்புமின் செல் அல்ல. கோலிசிஸ்டோகைனின் கொண்ட கூடைச் செல்களும் உண்டு. அவற்றின் முனைகளில் சிபி-1 கன்னாபினாய்டு ஏற்பிகள் நிறைந்திருக்கும், நடத்தையும் வேறு.

பிரமிட் செல்லின் ஆக்சான் தொடங்கும் சிறு பகுதியை மட்டும் தொட்டால் அது சரவிளக்குச் செல். இதை ஒரு முறை நேரில் பார்த்தால் மறக்க முடியாது. கிடைமட்டமாக ஓடும் மெல்லிய ஆக்சானிலிருந்து குட்டையான செங்குத்துத் தொங்கல்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சில முடிச்சுகள். மெழுகுவர்த்தி செருகிய சரவிளக்கு போலவே இருக்கும். இந்தத் தொங்கல்கள் ஆக்சான் தொடக்கப் பகுதியில் அமர்வதை 1977இல் பீட்டர் சொமோஜி காட்டினார். உறுதிசெய்ய எளிய வழி உண்டு. தொடக்கப் பகுதியில் திரண்டிருக்கும் அங்கிரின்-ஜி புரதத்துக்கு வேறு நிறத்தில் சாயமேற்றுங்கள். தொங்கல்கள் அதன்மேல் ஒட்டி ஓடினால் சந்தேகமில்லை. புறணியின் அடுக்குகளை மேற்பரப்பிலிருந்து எண்ணுவார்கள். சுண்டெலியில் இரண்டாம் அடுக்கின் மேல்விளிம்பில், முதல் அடுக்கை ஒட்டித் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பார்வால்புமினை மட்டும் நம்பித் தேடினால் பலவற்றைத் தவறவிடுவீர்கள். இவற்றில் பல அந்தப் புரதத்தைக் குறைவாகவே வெளிப்படுத்துகின்றன, சில வெளிப்படுத்துவதே இல்லை.

ஆக்சான் மேலேறி முதல் அடுக்கில் பரந்து விரிந்தால் மார்ட்டினோட்டி செல். பிரமிட் செல்களின் உச்சி டென்ட்ரைட் நுனியிலுள்ள குஞ்சத்தை அங்கே போய்த் தடுக்கிறது. செல்லுடலைத் தொடாமல், தொலைவிலிருந்து வரும் உள்ளீடுகள் சேரும் இடத்திலேயே அவற்றை மட்டுப்படுத்துவது இதன் வேலை. சொமாட்டோஸ்டாட்டின் கொண்ட எல்லாச் செல்களும் இப்படி மேலேறுவதில்லை. சுண்டெலியின் உணர்புறணியில் நான்காம் அடுக்கிலேயே ஆக்சானைப் பரப்பி, அங்குள்ள பார்வால்புமின் செல்களைத் தடுக்கும் சொமாட்டோஸ்டாட்டின் செல்கள் இருக்கின்றன. மார்க்கர் ஒன்று, வேலை நேர் எதிர்.

வி.ஐ.பி. என்ற பெப்டைடைக் கொண்ட செல்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்றாம் அடுக்குகளில் இருப்பவை. ஒடுங்கிய உடல், செங்குத்தாக நீளும் டென்ட்ரைட்டுகள். இவை முக்கியமாகச் சொமாட்டோஸ்டாட்டின் செல்களைத் தடுக்கின்றன. தடுப்பவரைத் தடுத்தால் பிரமிட் செல்லின் மேலுள்ள பிடி தளரும். இந்தத் தடைநீக்கச் சுற்றை 2013இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

நியூரோகிளியாஃபார்ம் செல்லுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. சிறிய உடல், அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மிக அடர்ந்த ஆக்சான். முடிச்சுகளில் பல எந்தச் செல்லையும் நேராகத் தொடுவதில்லை. காபாவைச் சுற்றுவெளியில் கசியவிட்டு அருகிலுள்ள எல்லாவற்றையும் நனைக்கிறது. ஒரே ஸ்பைக்கில் மெதுவாக எழுந்து நீண்ட நேரம் நிற்கும் தடுப்பு கிடைத்தால், அதில் காபா-பி ஏற்பியின் பங்கும் தெரிந்தால், இந்தச் செல்லை நினையுங்கள். முதல் அடுக்கில் இவை மிகுதி. அந்த அடுக்கில் பிரமிட் செல்லுடல்களே இல்லை என்பதால் புதியவர்கள் பழகுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

படி 3: மார்க்கர் சாயம்

சுண்டெலிப் புறணியில் மூன்று பெரிய குழுக்கள்: பார்வால்புமின் சுமார் 40 சதவீதம், சொமாட்டோஸ்டாட்டின் சுமார் 30, 5-எச்.டி.3ஏ செரோட்டோனின் ஏற்பி சுமார் 30. உணர்புறணியில் இம்மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய எல்லாத் தடுப்புச் செல்களும் அடங்கிவிடும் என்று 2010இல் தெரியவந்தது. வி.ஐ.பி. செல்களும் நியூரோகிளியாஃபார்ம் செல்களும் மூன்றாவது குழுவில் வருபவை. இந்தப் பிரிவு கருவிலேயே தொடங்குகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் முன்மூளையின் அடியிலுள்ள நடுக் கணுமேட்டில் பிறக்கின்றன, மூன்றாவது வால்புறக் கணுமேட்டில். அங்கிருந்து பக்கவாட்டில் நெடுந்தூரம் ஊர்ந்து புறணிக்கு வந்து சேர்கின்றன.

வேலை முறை இது. விலங்கை முழு மயக்கத்தில் வைத்து, இதயம் வழியாக முதலில் உப்புக்கரைசலும் பிறகு 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடும் செலுத்துங்கள். மூளையை எடுத்து அதே கரைசலில் 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். அதிர்வு வெட்டியில் 40 முதல் 50 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டி, துண்டுகளை இடையகக் கரைசலில் மிதக்கவிடுங்கள். 10 சதவீதச் சீரமும் 0.3 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100ம் கலந்த கரைசலில் ஒரு மணி நேரம். முதன்மை ஆன்டிபாடியில் 4 டிகிரியில் ஓர் இரவு முதல் இரண்டு இரவு வரை. 10 நிமிடம் வீதம் மூன்று முறை கழுவல். இரண்டாம் ஆன்டிபாடியில் அறை வெப்பத்தில் இருட்டில் 2 மணி நேரம். மீண்டும் மூன்று கழுவல். உட்கருவுக்கு டாப்பி சாயம், பிறகு கண்ணாடியில் ஏற்றுதல்.

எங்கே பிழைக்கும்? இரத்தம் முழுவதும் வெளியேறாவிட்டால் சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிரும். சுண்டெலியிலிருந்து எடுத்த ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவிலேயே போட்டால், இரண்டாம் ஆன்டிபாடி அந்தத் திசுவின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்ளும், இரத்தக் குழாய்கள் கோடு கோடாய்த் தெரியும். முயல், ஆடு, கினிப்பன்றி போன்ற வேறு விலங்கில் தயாரானதை வாங்குங்கள். இரண்டு மார்க்கரை ஒன்றாகப் பார்க்கும்போது இரண்டு முதன்மை ஆன்டிபாடிகளும் ஒரே விலங்கிலிருந்து வந்திருந்தால், எல்லாச் செல்லிலும் இரண்டு நிறமும் தெரியும். அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பாராஃபார்மால்டிஹைடில் நெடுநாள் கிடந்த திசுவில் சொமாட்டோஸ்டாட்டின் சாயம் சரியாக ஏறாமல் போகலாம். வயதான விலங்கில் லிப்போஃபசின் மணிகள் எல்லா நிறத்திலும் ஒளிரும். உண்மையான சாயம் ஒரு நிறத்தில் மட்டுமே இருக்கும். முதன்மை ஆன்டிபாடி இல்லாத ஒரு துண்டை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டினால் இவற்றில் பலவற்றை அன்றே பிடித்துவிடலாம்.

வயதும் முக்கியம். சுண்டெலிப் புறணியில் பார்வால்புமின் பிறந்த உடனே இருப்பதில்லை. இரண்டாவது வாரத்தில்தான் தோன்றத் தொடங்குகிறது. ஒரு வாரக் குட்டியில் சாயமேற்றி ‘செல்களே இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செல் இருக்கிறது, புரதம் இன்னும் வரவில்லை.

எண்ணும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஆன்டிபாடி துண்டின் நடுவரை ஊடுருவாமல் போகலாம். கான்ஃபோகல் நுண்ணோக்கியில் ஆழம் ஆழமாக அடுக்குப்படம் எடுத்து, டாப்பி தெரியும் ஆழத்தில் உங்கள் மார்க்கரும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத பகுதியைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். மேல் தளத்தில் வெட்டுப்பட்ட உட்கருக்களையும் விலக்குங்கள், இல்லாவிட்டால் ஒரே செல் அடுத்த துண்டிலும் எண்ணப்படும்.

குறிப்பிட்ட மரபணுவை இயக்கும் செல்கள் மட்டும் ஒளிருமாறு மாற்றிய க்ரீ சுண்டெலிகளைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. க்ரீ வழியாக ஒளிரும் செல், அந்த மரபணுவை வாழ்நாளில் எப்போதோ ஒரு முறை இயக்கிய செல். இன்று இயக்குகிறது என்று பொருளல்ல. சொமாட்டோஸ்டாட்டின் க்ரீயில் வேகமாகச் சுடும் செல்கள் சில கலந்து வரும். பார்வால்புமின் க்ரீயில் உணர்புறணியின் ஐந்தாம் அடுக்குப் பிரமிட் செல்கள் சிலவும் ஒளிரும். அவை கிளர்த்தும் செல்கள்! சரிபார்க்காமல், ஒளியால் செல்லை இயக்கும் ஒளிமரபியல் பரிசோதனைக்குப் போனால் முடிவு தலைகீழாகிவிடும்.

படி 4: மின்பதிவு

300 மைக்ரோமீட்டர் தடிமனில் உயிருள்ள ஸ்லைஸ் வெட்டுங்கள். வெட்டும் தளம் பிரமிட் செல்களின் உச்சி டென்ட்ரைட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் மார்ட்டினோட்டி செல்லின் ஏறும் ஆக்சான் பாதி வழியிலேயே அறுந்துபோகும். பிறகு அதை ‘உள்ளூர் ஆக்சான்’ என்று தவறாக எழுத நேரும். ஸ்லைஸின் மேல்பரப்பில் டென்ட்ரைட்டுகள் முழு நீளத்துக்கும் ஒரே குவியத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவுக் கரைசல், மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 125, பொட்டாசியம் குளோரைடு 2.5, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25, சோடியம் பைகார்பனேட் 25, குளுக்கோஸ் 25, கால்சியம் குளோரைடு 2, மெக்னீசியம் குளோரைடு 1. ஆக்சிஜன் 95, கார்பன் டையாக்சைடு 5 சதவீதக் கலவையைக் கொப்பளிக்க விட்ட பிறகே கால்சியத்தைச் சேருங்கள். முன்கூட்டிப் போட்டால் கரைசல் காரமாக இருப்பதால் கால்சியம் வீழ்படிவாகிப் பால்போல் கலங்கும். கலங்கியதை வடிகட்டிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். ஸ்லைஸை 34 டிகிரியில் அரை மணி நேரம் தேறவிட்டு, பிறகு அறை வெப்பத்தில் வையுங்கள். பதிவை 32 முதல் 34 டிகிரியில் எடுங்கள்.

செல்லின் சவ்வில் ஒட்டிப் பதிவெடுக்கும் கண்ணாடிப் பைபெட்டின் மின்தடை 3 முதல் 6 மெகாஓம். உள்கரைசல் பொட்டாசியம் குளுக்கோனேட் 130, பொட்டாசியம் குளோரைடு 4, ஹெப்பீஸ் 10, மெக்னீசியம் ஏ.டி.பி. 4, சோடியம் ஜி.டி.பி. 0.3, பாஸ்போகிரியேட்டின் 10 மில்லிமோலார், கூடவே, செல்லின் உருவத்தைப் பிறகு காட்டுவதற்காக 0.2 முதல் 0.5 சதவீதம் பயோசிட்டின். பிஹெச் 7.3. இந்தக் கலவையில் குளோரைடு மிகக் குறைவு என்பதால் அதன் சமநிலை மின்னழுத்தம் நெர்ன்ஸ்ட் கணக்கில் ஏறத்தாழ −90 மில்லிவோல்ட். பொட்டாசியம் குளுக்கோனேட்டுக்குப் பதில் சீசியம் குளோரைடு 130 போட்டால் அது 0 பக்கம் வந்துவிடும். அப்போது −70இல் தடுப்பு மின்னோட்டமும் உள்நோக்கியே பாயும். அதைக் கிளர்ச்சி என்று வாசித்தவர்கள் நிறையப் பேர். உள்கரைசலின் கலவையை நோட்டில் எழுதாத பதிவைப் பின்னால் யாராலும் சரியாக வாசிக்க முடியாது.

இனி மின்னோட்டப் படிகள்: 500 மில்லி விநாடி முதல் 1 விநாடி நீளம், −100 பிகோஆம்பியரில் தொடங்கி 20 பிகோஆம்பியர் வீதம் ஏற்றுங்கள். பார்வால்புமின் கூடைச் செல்லானால் ஸ்பைக்கின் அரை அகலம் 0.5 மில்லி விநாடிக்கும் குறைவு. உள்ளீட்டு மின்தடை குறைவு. ஒவ்வொரு ஸ்பைக்கின் பின்னும் ஆழமான, கூர்மையான பள்ளம். மின்னோட்டத்தை ஏற்றினால் விநாடிக்கு 200க்கு மேலும் தளராமல் சுடும். கே.வி.3 பொட்டாசியம் வாயில்கள் சவ்வை உடனுக்குடன் மீட்டுவிடுவதே இதற்குக் காரணம். சொமாட்டோஸ்டாட்டின் செல்களில் உள்ளீட்டு மின்தடை அதிகம், சுடும்போது இடைவெளி மெல்ல நீளும், எதிர்த்திசைப் படி முடிந்ததும் துள்ளி ஒரு ஸ்பைக் வரலாம். நியூரோகிளியாஃபார்ம் செல், சுடவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னோட்டத்தை ஒட்டிய படியில் மெதுவாக ஏறி ஏறிக் கடைசியில்தான் சுடும்.

அறை வெப்பத்தில் பதிவெடுத்தால் எல்லா ஸ்பைக்கும் அகன்றுவிடும், வேகச் செல்லும் சாதாரணச் செல்போலத் தெரியும். தொடர் மின்தடை (பைபெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான தடை) 25 மெகாஓமைத் தாண்டினாலும் அதே தோற்றம் வரும். அந்தப் பதிவை வகைப்படுத்தலில் சேர்க்காதீர்கள்.

இரட்டைப் பதிவு எடுக்க முடிந்தால் இன்னும் வலுவான சான்று கையில் கிடைக்கும். பிரமிட் செல்லை வரிசையாகச் சுடவைத்து எதிரிலிருக்கும் செல்லின் பதிலைப் பாருங்கள். கூடைச் செல்லில் முதல் பதில் பெரிது, அடுத்தடுத்துத் தேயும். மார்ட்டினோட்டி செல்லில் முதல் பதில் இருந்த இடமே தெரியாது, நான்காவது ஐந்தாவது ஸ்பைக்கில் ஓங்கி எழும்.

படி 5: செல்லை இழக்காமல் மீட்பது

பயோசிட்டின் ஆக்சான் நுனிவரை பரவ 20 முதல் 30 நிமிடம் வேண்டும். பதிவு 5 நிமிடத்தில் முடிந்துவிட்டாலும் காத்திருங்கள். மேற்பரப்பிலிருந்து 50 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள செல்லைத் தேர்ந்தெடுங்கள். மேலே இருப்பவை எளிதாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் ஆக்சான் வெட்டும்போதே போயிருக்கும். முடிந்ததும் பைபெட்டைச் சட்டென்று இழுத்தால் உட்கரு அதோடு வந்துவிடும், மிஞ்சுவது பேய்போல் மங்கிய நிழல். மின்னழுத்தக் கட்டுப்பாட்டில் வைத்து, மின்தடை ஏறி, பைபெட்டுக்கும் சவ்வுக்கும் இடையே முத்திரை மீண்டும் விழுவதைப் பார்த்தபடி, சில நிமிடங்கள் எடுத்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவாருங்கள். பிறகு 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் ஓர் இரவு, அடுத்து ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடின். ஸ்லைஸ் தடிமன் என்பதால் டிரைட்டானைக் கூட்டி, நேரத்தையும் கூட்டுங்கள்.

படி 6: பெயர் எழுதுவது

2005இல், நரம்பணு ஆய்வின் முன்னோடியான கஹாலின் பிறந்த ஊரான ஸ்பெயினின் பெட்டிலாவில் கூடிய ஆய்வாளர்கள், ஒரு தடுப்புச் செல்லை வடிவம், மூலக்கூறு, மின் இயல்பு என்று தனித்தனியே விவரிக்கப் பொதுச் சொற்களை வகுத்தார்கள். அது 2008இல் வெளியானது. நோட்டில் அந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள். அடுக்கு, ஆக்சானின் பரவலும் இலக்கும், மார்க்கர், சுடும் முறை, வெப்பநிலை, விலங்கின் வயது. இவற்றில் எது தெரியாதோ அதை வெற்றிடமாகவே விடுங்கள். ஆக்சான் கிடைக்காத செல்லை ‘சொமாட்டோஸ்டாட்டின் செல், ஐந்தாம் அடுக்கு’ என்று எழுதுவதே நேர்மை. ‘மார்ட்டினோட்டி’ என்ற சொல்லை முதல் அடுக்கில் அதன் ஆக்சானைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் வந்த பிறகு வகைகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. சுண்டெலிப் புறணியின் இரு பகுதிகளில் 2018இல் ஆலன் ஆய்வு நிறுவனம் 61 காபா வகைகளைப் பிரித்தது. வடிவத்தையும் மின் இயல்பையும் சேர்த்துப் பார்த்தபோது, 2020இல் பார்வைப் புறணியில் 28 வகைகள் ஒத்துப்போயின. இந்த இடைவெளி யாருடைய பிழையும் அல்ல. மரபணு அளவில் தனித்து நிற்கும் இரண்டு கொத்துகள் வேலையில் ஒன்றாக இருக்கலாம். கொத்துகளுக்கிடையே கோடு கிழிக்க முடியாத தொடர்ச்சியும் உண்டு. உங்கள் செல் இரண்டு கொத்துகளுக்கு நடுவே விழுந்தால் அப்படியே எழுதிவிடுங்கள்.

சுண்டெலியில் பழகிய கண்ணை மனிதத் திசுவுக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். பிரைமேட் புறணியில் குதிரைவால்போல் கற்றை கற்றையாக ஆக்சானைக் கீழே இறக்கும் இரட்டைப் பூங்கொத்துச் செல்கள் இருக்கின்றன, அந்த வடிவம் சுண்டெலியில் காணக் கிடைப்பதில்லை. மனிதனின் முதல் அடுக்கில் 2018இல் விவரிக்கப்பட்ட ரோஸ்ஹிப் செல்லுக்கும் சுண்டெலியில் நேர் இணை காணப்படவில்லை. மனிதத் துண்டில் பெயர் தெரியாத செல் ஒன்று எதிர்ப்பட்டால், தெரிந்த பெயருக்குள் அதை அடைக்காமல் முதலில் ஆக்சானைக் கடைசி முடிச்சுவரை வரைந்து முடியுங்கள்.